ஈயடிச்சான் காப்பியும் எழுதாமல் விட்ட பெயரும்

1

2018 கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீஸ் கேண்டீனில் சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தோம். டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவன் இயர்ஃபோனின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினான்.

"அண்ணா, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

பத்து விநாடிகூட ஆகவில்லை. கிடார் ரிஃப், அதன் மேல் வந்து விழுந்த அந்தக் கீச்சுக்குரல். "லெட் செப்பலின்தான். ஆனா இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்லையே, எந்த ஆல்பம்?" என்றேன். கல்லூரி விடுதியில் செப்பலினின் மொத்த ஆல்பங்களையும் பென்டிரைவில் வைத்துக்கொண்டு ஊருக்கே விநியோகித்தவன் நான். எனக்குத் தெரியாத செப்பலின் பாட்டு ஒன்று இருப்பது மானப் பிரச்சினை.

அவன் சிரித்துவிட்டு போன் திரையைக் காட்டினான். கிரெட்டா வான் ஃப்ளீட். பாட்டு 'ஹைவே ட்யூன்'. வெளியான ஆண்டு 2017.

ஏமாந்தவனுக்கு வரும் கோபம் எனக்கு வந்தது. "ஈயடிச்சான் காப்பிடா இது" என்றேன். மூலப் பிரதியில் ஒரு ஈ செத்து ஒட்டிக்கொண்டிருந்ததாம்; பார்த்து எழுதியவர் தேடிப் பிடித்து ஒரு ஈயை அடித்துத் தன் பிரதியிலும் அதே இடத்தில் ஒட்டினாராம். அந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பேண்ட் உலகத்தில் கிடையாது என்றேன்.

அவன் அமைதியாகக் கேட்டான். "அப்ப செப்பலின் எங்கேர்ந்துண்ணா எடுத்தாங்க?"

"அது இன்ஃப்ளூயன்ஸ்."

"ரெண்டுக்கும் என்னண்ணா வித்தியாசம்?"

மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அப்போது சொல்லாத பதிலை இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன். இவ்வளவு தாமதமானதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும், பிறகு.

2

முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ராங்கன்மூத் என்று ஒரு சின்ன ஊர். ஜாஷ், ஜேக், சாம் கிஸ்கா என்று மூன்று சகோதரர்கள் (ஜாஷும் ஜேக்கும் இரட்டையர்கள்). ட்ரம்ஸில் நண்பன் டேனி வாக்னர். பெற்றோரின் வினைல் ரெக்கார்டுகளைக் கேட்டு வளர்ந்த பையன்கள். 'ஹைவே ட்யூன்' வந்தபோது இரட்டையர்களுக்கு இருபதை ஒட்டிய வயது, மற்ற இருவரும் இன்னும் சின்னவர்கள். அந்தப் பாட்டு பில்போர்டின் மெயின்ஸ்ட்ரீம் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 'ஃப்ரம் தி ஃபயர்ஸ்' தொகுப்புக்கு 2019இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது.

நடுவில், 2018 அக்டோபரில் முதல் முழுநீள ஆல்பம் வந்தபோது பிட்ச்ஃபோர்க் தளம் அதற்குப் பத்துக்கு 1.6 மதிப்பெண் போட்டது. அந்த விமர்சனம் பாட்டுகளைவிட அதிகமாகச் சுற்றுக்கு வந்தது. நானும் பகிர்ந்தேன். செப்பலினின் பாடகர் ராபர்ட் ப்ளான்ட்டே அதே ஆண்டு ஒரு பேட்டியில் 'இவர்கள் செப்பலினின் முதல் ஆல்பம்தான்' என்கிற மாதிரி வேடிக்கையாகச் சொன்னார். பிறகென்ன, குரு வாக்கே கிடைத்துவிட்டது என்று எங்களைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் அந்த வேடிக்கையில் ஒரு வசதியான மறதி இருந்தது. செப்பலினின் முதல் ஆல்பமே என்ன மாதிரியான பொருள் என்று யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

3

அந்த ஆல்பம் 1968 இலையுதிர் காலத்தில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் சில வாரங்களுக்குள் பதிவாகி, 1969 ஜனவரியில் வெளியானது. ரோலிங் ஸ்டோன் இதழில் ஜான் மெண்டல்சன் எழுதிய விமர்சனம் அதை வரவேற்கவில்லை. ஜெஃப் பெக் குழு சில மாதங்களுக்கு முன் செய்துவிட்டதைத்தான் இவர்கள் செய்கிறார்கள், அதுவும் அந்த அளவுக்கு நன்றாக இல்லை என்பது அதன் சாரம். குற்றச்சாட்டுக்கு ஆதாரமும் உண்டு. பெக்கின் 'ட்ரூத்' 1968இல் வந்தது, அதில் 'யூ ஷுக் மீ' என்ற பாட்டு இருக்கிறது. செப்பலினின் முதல் ஆல்பத்திலும் அதே 'யூ ஷுக் மீ' இருக்கிறது.

ஆக, இன்று போலிகளை அளக்கும் அளவுகோலாக நாம் வைத்திருக்கும் ஆல்பமே பிறந்தபோது போலி என்றுதான் சொல்லப்பட்டது. இதை வைத்து 'விமர்சகர்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று முடித்துவிடலாம். அது சோம்பேறித்தனம். ஆல்பத்தின் பாட்டுகளுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்ட பெயர்களைப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ள வேலை. ஒரே ஆல்பத்தில் நாலு விதமான கடன்கள் இருக்கின்றன.

முதல் விதம், வாங்கினேன் என்று சொல்லி வாங்கியது. 'யூ ஷுக் மீ', 'ஐ கான்ட் க்விட் யூ பேபி' இரண்டிலும் சிகாகோ ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சனின் பெயர் ஒழுங்காக இருக்கிறது. இவை பற்றி யாருக்கும் புகாரில்லை.

இரண்டாவது, யாருடையது என்று விசாரிக்காமல் எடுத்தது. 'பேப் ஐம் கான்னா லீவ் யூ' பாட்டை ஜோன் பயஸ் 1962இல் வெளியிட்ட பதிவிலிருந்து ஜிம்மி பேஜ் கற்றுக்கொண்டார். செப்பலின் ஆல்பத்தில் அது 'மரபுப் பாடல், இசையமைப்பு பேஜ்' என்று அச்சானது. உண்மையில் அது 1950களின் இறுதியில் ஆன் ப்ரெடன் என்ற பெண் எழுதியது. அவர் பெயர் செப்பலின் பதிவில் ஏற 1990 வரை ஆனது.

மூன்றாவது, சட்டத்தின் கைக்கு அகப்படாத கடன். 'ப்ளாக் மவுண்டன் சைட்' ஒரு சின்ன கிடார் இசை. விராம் ஜசானியின் தபேலா பக்கத்தில் ஓடும். பேஜ் பெயரில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த கிடார் கலைஞர் பெர்ட் ஜான்ஷ் 1966இல் 'ப்ளாக்வாட்டர்சைட்' என்ற பழைய நாட்டார் பாடலை வாசித்த விதத்தைக் கேட்டவர்களுக்கு விரல்கள் எங்கிருந்து வந்தன என்று புரிந்துவிடும். மெட்டு மரபுடையது, யாருக்கும் சொந்தமில்லை. அந்த மெட்டை கிடாரில் அப்படி மடித்து உட்காரவைத்தது ஜான்ஷ்.

நாலாவதுதான் நெஞ்சை உறுத்துவது. ஜேக் ஹோம்ஸ் என்ற நியூயார்க் பாடகர் 1967இல் வெளியிட்ட ஆல்பத்தில் 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' என்ற பாட்டு இருந்தது. அந்த ஆகஸ்டில் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் நியூயார்க் கச்சேரி ஒன்றில் அவர் முன்வரிசைக் கலைஞராக அதைப் பாடினார். யார்ட்பேர்ட்ஸின் கிடார் கலைஞர் அப்போது ஜிம்மி பேஜ். அந்தக் குழு அதைத் தன் மேடைகளில் வாசிக்கத் தொடங்கியது. பிறகு செப்பலினின் முதல் ஆல்பத்தில் அதே தலைப்பில், அதே இறங்கும் பேஸ் வரிசையோடு, பாட்டு வந்தது. எழுதியவர்: ஜிம்மி பேஜ். ஹோம்ஸ் என்று ஒரு மனிதர் இருந்த சுவடே இல்லை.

இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். ஹோம்ஸின் பதிவு நல்ல பதிவு. ஒலிக்கருவிகள் குறைவு, பதற்றம் அதிகம். செப்பலினுடையது வேறொரு மிருகம். வயலின் வில்லால் கிடாரை இழுக்கும் அந்த நடுப்பகுதி, பான்ஹமின் ட்ரம்ஸ் உள்ளே வந்து இடித்துத் தள்ளும் இடம், இதெல்லாம் ஹோம்ஸிடம் கிடையாது. ரசிகனாக எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சரி, எடுத்தால்? ஹோம்ஸுக்கு அதனால் என்ன ஆயிற்று?

1980களில் அவர் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். 2010இல் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமானது. 2012இல் வந்த 'செலிப்ரேஷன் டே' கச்சேரி ஆல்பத்தில் அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ஜிம்மி பேஜ், ஜேக் ஹோம்ஸால் தூண்டப்பட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கிடைத்த அரைப்பெயர்.

4

அடுத்து 'ஹோல் லாட்டா லவ்'. 1969இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு. ராக் இசையே கேட்காதவர்கள்கூட அந்த ரிஃபை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். ரிஃப் பேஜுடையது, அதில் சந்தேகமில்லை. நடுவில் வரும் தெரமின் ஊளையும் ஒலிக்கலவை வித்தைகளும் அவர்களுடையவை. ஆனால் ப்ளான்ட் பாடும் சொற்களில் பெரும்பகுதி வில்லி டிக்சன் எழுதி மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து வருபவை. ஆல்பத்தில் டிக்சன் பெயர் இல்லை. குழுவின் நாலு பேர் பெயரும் இருந்தது. பேஜ் பின்னாளில் ஒரு பேட்டியில், ராபர்ட் வரிகளை மாற்றியிருக்க வேண்டும், எல்லா இடத்திலும் மாற்றவில்லை என்கிற தொனியில் சொன்னார். மாற்றியிருந்தால் பிரச்சினை இருந்திருக்காது என்று அவர் நினைப்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. அசைன்மென்ட்டில் வேரியபிள் பெயரை மாற்றிக் கொடுத்த நம் எல்லோருக்கும் தெரிந்த தர்க்கம் அது.

டிக்சன் 1915இல் மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் பாட்டெழுதினார், பேஸ் வாசித்தார், பதிவுகளை ஒருங்கிணைத்தார். ரோலிங் ஸ்டோன்ஸ், க்ரீம், டோர்ஸ் என்று 1960களின் பெரிய பேண்டுகள் பலவும் அவர் பாட்டைப் பாடியிருக்கின்றன. இரண்டாவது ஆல்பத்தின் 'பிரிங் இட் ஆன் ஹோம்' பாட்டிலும் அவருடைய சரக்கு இருந்தது. அதற்காக 1970களின் தொடக்கத்தில் செப்பலின் மீது பாய்ந்தது டிக்சன் இல்லை, செஸ்ஸின் பதிப்புரிமைக் கிளையான ஆர்க் மியூசிக். அதே ஆர்க் மியூசிக் மீது, தங்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்று டிக்சனும் மட்டி வாட்டர்ஸும் அந்தப் பத்தாண்டிலேயே வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 'ஹோல் லாட்டா லவ்' விஷயம் அவருடைய மகள் ஷர்லி கவனித்துச் சொன்ன பிறகுதான் சூடுபிடித்தது. 1985இல் வழக்கு, 1987இல் சமாதானம். அவர் பெயரால் தொடங்கப்பட்ட ப்ளூஸ் ஹெவன் அறக்கட்டளை இன்று சிகாகோவில் 2120 சவுத் மிச்சிகன் அவென்யூவில், பழைய செஸ் கட்டடத்திலேயே இயங்குகிறது.

இந்த இடத்தில் செப்பலின் ரசிகர்கள் (அதாவது பழைய நான்) ஒரு வாதம் வைப்பார்கள். ப்ளூஸ் என்பதே பொதுச்சொத்து. வரிகள் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மிதந்துகொண்டே இருக்கும். டிக்சன் மட்டும் எல்லாவற்றையும் வானத்திலிருந்து இறக்கினாரா?

வாதத்தில் உண்மை இருக்கிறது. 'யூ ஷுக் மீ'யையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டி வாட்டர்ஸின் அந்தப் பதிவுக்குப் பின்னால் ஓடும் இசை, ஏர்ல் ஹுக்கர் என்ற கிடார் கலைஞர் ஏற்கெனவே வாசித்து வெளியிட்டிருந்த 'ப்ளூ கிடார்' என்ற வாத்திய இசை. அதன் மேலேதான் மட்டியின் குரலை ஏற்றினார்கள். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் டிக்சன் பெயர் உண்டு, ஜே. பி. லெனோர் பெயர் உண்டு. ஹுக்கர் பெயர் இல்லை. கடன் கொடுத்தவரும் ஓரிடத்தில் கடன்காரர்தான்.

ஆனால் பொதுக்குளத்தில் தண்ணீர் மொள்வது வேறு, குளத்துக்குப் பட்டா போட்டுக்கொள்வது வேறு. வரிகள் வாய்வழியாக மிதந்துகொண்டிருந்தவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பெயர் எழுதியவனுக்கே ராயல்டி என்று ஒரு பதிவேடு வந்த பிறகு நிலைமை மாறிவிடுகிறது. மரபு எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டில் தன் பெயரை மட்டும் எழுதுகிறவர் மரபுக்காகப் பேசவில்லை. பொது என்றால் உன் பெயரையும் எழுதாதே.

5

இதுவரை படித்துவிட்டுச் செப்பலினைத் திருட்டுக் கும்பல் என்று முடிவு கட்டுபவர்களுக்கு எதிராக இப்போது நான் அவர்கள் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சாயல் தெரிந்த இடமெல்லாம் திருட்டு என்று நினைப்பதும் அதே அளவு செவிட்டுத்தனம்.

'ஸ்டெயர்வே டு ஹெவன்' வழக்கு. ஸ்பிரிட் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் குழு 1968இல் 'டாரஸ்' என்ற வாத்திய இசையை வெளியிட்டது. எழுதியவர் கிடார் கலைஞர் ராண்டி கலிஃபோர்னியா. பதினைந்து வயதில் நியூயார்க்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு வாசித்தவர், அந்தப் பட்டப்பெயரே ஹெண்ட்ரிக்ஸ் வைத்தது. 1968 டிசம்பரில் டென்வரில் செப்பலின் தன் முதல் அமெரிக்கக் கச்சேரியை வாசித்தபோது அதே மேடையில் ஸ்பிரிட்டும் இருந்தது. செப்பலின் அவர்களுடைய வேறொரு பாட்டை மேடையில் வாசித்ததும் உண்டு. 'ஸ்டெயர்வே' 1971இல் வந்தது. ராண்டி 1997இல் ஹவாய்க் கடலில் தன் மகனைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தார். 2014இல் அவருடைய அறக்கட்டளையின் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி இரண்டு விஷயம் சொன்னது. பேஜும் ப்ளான்ட்டும் 'டாரஸை' கேட்டிருக்க வாய்ப்பு இருந்தது. ஆனால் சட்டம் கேட்கும் அளவுக்கு இரண்டும் ஒன்று போல இல்லை. மேல்முறையீட்டில் ஒருமுறை தீர்ப்பு புரண்டு, 2020 மார்ச்சில் விரிவான அமர்வு ஜூரியின் முடிவையே உறுதி செய்தது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. 'டாரஸ்' பழைய 1909 சட்டத்தின் கீழ் வருவதால், ஒப்பிட வேண்டியது பதிவு செய்யப்பட்ட இசைக்குறிப்புத் தாளை மட்டுமே என்ற நிபந்தனையும் இருந்தது. ஒலிப்பதிவை ஜூரிக்கு ஒப்பீட்டுக்காகப் போட்டுக் காட்ட முடியாது. அது அநியாயம் என்று நினைப்பவர்கள் உண்டு.

சட்டத்தை விடுங்கள், காதால் பார்ப்போம். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஏ மைனரில் அரைப்படி அரைப்படியாகக் கீழே இறங்கும் ஒரு பேஸ் வரிசை. இந்த இறக்கம் ஐரோப்பிய இசையில் முந்நூறு வருஷத்துக்கு மேல் பழையது. பதினேழாம் நூற்றாண்டில் ஹென்றி பர்செல் தன் ஓபராவில் இதை வைத்துத்தான் ராணி டைடோவைப் புலம்பவிட்டார். 1964இல் 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் 'சிம் சிம் செரீ'யிலும் இது உண்டு. பேஜே நீதிமன்றத்தில் அந்தப் பாட்டைச் சுட்டிக்காட்டினார். ஆதி தாளத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது என்பது போலத்தான் இது. 'ஸ்டெயர்வே'யில் பேஸ் இறங்கும்போதே மேல் கம்பியில் ஒரு மெட்டு எதிர்த்திசையில் ஏறுகிறது. ஒரு கை இறங்க, ஒரு கை ஏற. அந்த இழுபறிதான் அந்தத் தொடக்கத்தின் உயிர். 'டாரஸில்' அது இல்லை. 'டாரஸ்' ஓர் அழகான தேக்கம்; 'ஸ்டெயர்வே' எங்கேயோ கிளம்பிவிட்டது.

பேஜ் அதைக் கேட்டு, மனதின் ஓரத்தில் வைத்திருந்து, அது கையில் வந்திருக்கலாம். அப்படியே ஆனாலும் இது ஹோம்ஸ் விவகாரம் அல்ல. கேட்டது எல்லாம் கடனானால் இசை என்று ஒன்று இருக்காது.

6

தம்பியின் கேள்விக்கு இப்போது ஒரு பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். 'காப்பி' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு கணக்குகளைப் போட்டுக் குழப்புகிறோம். ஒன்று கலைக் கணக்கு: எடுத்ததை என்னவாக மாற்றினாய்? இன்னொன்று நாணயக் கணக்கு: யாரிடம் எடுத்தாய் என்று சொன்னாயா? ஒரு கணக்கில் இருக்கும் வரவை இன்னொரு கணக்கின் பற்றில் கழிக்க முடியாது. 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' எவ்வளவு மகத்தாக மாறியிருந்தாலும் ஹோம்ஸின் பெயர் தானாக எழுதப்பட்டுவிடாது. அதேபோல, எல்லாப் பெயர்களையும் பணிவாகச் சொல்லிவிட்டதால் ஒரு சுமாரான பாட்டு நல்ல பாட்டாகவும் ஆகிவிடாது.

நாமோ முதல் கணக்கில் தோற்றவர்களைக் கேலி செய்கிறோம். இரண்டாவதில் தோற்றவர்களை, அவர்கள் பெரியவர்கள் என்றால், மன்னித்துவிடுகிறோம். கிரெட்டா வான் ஃப்ளீட்டுக்கு 1.6. செப்பலினுக்கு 'மேதைகள் அப்படித்தான்'.

என் தொழிலில் இந்த இரண்டாவது கணக்கு எழுத்திலேயே இருக்கிறது. எம்ஐடி லைசன்ஸ் என்று ஒன்று உண்டு. அதன் கீழ் வெளியான கோடை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். கேட்பது ஏறக்குறைய ஒன்றே ஒன்று: எழுதியவரின் உரிமைக் குறிப்பை அழிக்காதே. நீ தொண்ணூறு சதவீதம் மாற்றினாலும் அந்த வரி மேலே இருக்க வேண்டும். 'நான்தான் நிறைய மாற்றிவிட்டேனே' என்பதற்கு அங்கே இடமில்லை.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். 2019இல் அதே தம்பி, ராத்திரி ஷிப்டில் லாக் ஃபைல்களைத் தோண்டுவது சலித்துப்போய், பிழைகளைத் தானாக வகை பிரிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினான். அவசரத்தில் எழுதியது, பத்து இடத்தில் உடையும். ஆனால் அந்த யோசனை அற்புதம். நான் ஒரு வாரம் உட்கார்ந்து அதை முழுக்கத் திருப்பி எழுதினேன். வேகமாக்கினேன், டெஸ்ட் எழுதினேன், டாஷ்போர்டு வைத்தேன். பிறகு பெரிய மீட்டிங்கில் காட்டினேன். "நான் ஒரு டூல் பண்ணியிருக்கேன்" என்று தொடங்கினேன். கைதட்டினார்கள். அவன் எதிரே மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனும் கைதட்டினான்.

வெளியே வந்ததும் "செமயா மாத்திட்டீங்கண்ணா" என்றான். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் கஷ்டம். அடுத்த ஆண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். நான் எனக்கே சொல்லிக்கொண்ட நியாயம்: அதில் அவன் எழுதிய ஒரு வரிகூட மிச்சமில்லையே. இது ஹோம்ஸிடம் பேஜ் தரப்பு சொல்லக்கூடிய அதே நியாயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஈயடிச்சான் காப்பி என்று கேண்டீனில் தீர்ப்பு எழுதிய அதே வாய்.

7

கிரெட்டாவுக்கு வருவோம். நாணயக் கணக்கில் அவர்கள் மீது எனக்குப் புகாரே இல்லை. 'ஃப்ரம் தி ஃபயர்ஸ்' தொகுப்பில் இரண்டு பாட்டு பிறருடையவை: சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்', ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 'மீட் ஆன் தி லெட்ஜ்'. இரண்டும் அவரவர் பெயரோடு இருக்கின்றன. செப்பலினுக்குப் பின்னால் இருந்த கறுப்பர் இசையையும் இங்கிலாந்து நாட்டார் இசையையும் அந்தப் பையன்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. சாயலைத்தான் அவர்கள் எடுத்தார்கள். சாயலுக்கு யாரும் பட்டா போட முடியாது.

கலைக் கணக்கில்தான் சிக்கல். சாம் குக் பாட்டைக் கேட்டால் புரியும். குக் அதை அடக்கி அடக்கிப் பாடுவார்; சொல்ல முடியாததைச் சொல்ல வந்த மனிதனின் நிதானம். ஜாஷ் கிஸ்கா உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறார். தொண்டை அபாரம், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எந்தப் பாட்டுக்குப் போனாலும் அந்தக் குரல் ஒரே உடையில் போகிறது. ப்ளான்ட்டின் அலறல் டிக்சன், ஹவுலிங் வுல்ஃப் வழி வந்த ப்ளூஸை, அது தனக்குப் பொருந்தாத வெள்ளைக்கார இங்கிலீஷ் தொண்டையில் திணிக்க முயன்றபோது பிதுங்கி வந்த ஒலி. அந்தப் பொருந்தாமைதான் அதன் வேகம். கிரெட்டாவிடம் அந்த ஒலி ஏற்கெனவே தயாராக வந்து சேர்ந்திருக்கிறது; பிதுங்க வேண்டிய அவசியமே இல்லை. ஈ செத்தது ஒரு விபத்து. அதைத்தான் அவர்கள் அழகாக ஒட்டியிருக்கிறார்கள்.

இருந்தாலும் 1.6 எனக்கு இப்போது கொடூரமாகப் படுகிறது. 'ஹைவே ட்யூன்' மூன்று நிமிஷம் தலையை ஆட்டவைக்கிற பாட்டு. இருபது வயதில் பெற்றோரின் ரெக்கார்டுகள் மாதிரியே வாசிப்பது குற்றமில்லை, கற்கும் வழியே அதுதான். அவர்கள் உலகமேடையில் நின்று கற்றார்கள், அவ்வளவுதான். 2021இல் வந்த 'தி பேட்டில் அட் கார்டன்ஸ் கேட்' ஆல்பத்தில் பாட்டுகள் நீள்கின்றன, சிலது தடுமாறுகின்றன. எனக்கு அந்தத் தடுமாற்றம் பிடித்திருக்கிறது. தடுமாறும் இடத்தில் முன்னால் யாரும் நடந்து போயிருக்கவில்லை.

8

இந்தக் கட்டுரைக்காக ஹோம்ஸின் கதையை மறுபடி படித்துக்கொண்டிருந்த ராத்திரி, அந்த டூலின் ரீட்மீ கோப்பைத் திறந்தேன். இன்னும் டீமில் பயன்பாட்டில் இருக்கிறது. 'கிட் ப்ளேம்' என்று ஒரு கட்டளை உண்டு, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும். ஓட்டிப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் பெயர். கணினி பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

மேலே ஒரு வரி சேர்த்தேன். அவனுடைய யோசனையால் தூண்டப்பட்டு எழுதப்பட்டது என்று. சேவ் செய்யப் போனவன் அந்தச் சொல்லைப் பார்த்து நின்றுவிட்டேன். தூண்டப்பட்டது. அழித்தேன். 'முதலில் எழுதியவர்' என்று போட்டு அவன் முழுப்பெயரை எழுதினேன். அதற்குக் கீழே 'திருத்தி விரித்தவர்' என்று என் பெயர்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கூடவே, நீ கேண்டீனில் கேட்ட கேள்விக்குப் பதில் இது என்றும் எழுதினேன். எந்தக் கேள்வி என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. "அட, இதெல்லாம் எதுக்குண்ணா" என்று பதில் வந்தது. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு மெசேஜ்.

"என் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்குண்ணா. மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன்.